நமது அறிமுகச் சீட்டு

ஈராண்டுகளுக்கு முன், இக்கல்லூரியிற் சேரும்பொருட்டு நாம் நெல்லைச் சீமையிலுள்ள நமது சிற்றூரினின்றும் புறப்பட்டபோது, நம் அன்னையார் கட்டிக்கொடுத்த கருப்புக்கட்டிப் பொட்டலத்திற்கும் முறுக்குப் பொட்டலத்திற்கும் இடையே, மடங்காத அட்டையுறை யொன்றில் இரண்டு கடிதங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று, நம் சபைக் குருவானவர் இந்நகரத்துச் சபைக் குருவானவருக்கு எழுதியது. இவ்விளைஞன் எம் சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவன். பாடகர் குழுவில் ஐந்தாண்டு பாடியவன். இவனை உங்கள் மந்தையிற் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மற்றொன்று, ஆறாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்புவரை நமக்குத் தமிழ் கற்பித்து, பின்னர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயா அவர்கள் தமிழ்த்துறைக்கு எழுதித் தந்தது.

புகைவண்டியில் வழிநெடுக அவ்வுறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தோம். ஆசிரியரது கடிதத்தில், ‘தமிழில் உண்மையான பற்றுடையவன், பொய் சொல்ல அறியாதவன், சற்று அவசரக்காரன்’ என்று மூன்று தொடர்கள் இருந்தன. முதலிரண்டும் நமக்குப் பெருமகிழ்ச்சி தந்தன. மூன்றாவதை அவர் விட்டிருக்கலாகாதா என்று எண்ணினோம். ஆயினும் என் செய்வது? அக்கடிதம் நம்மைப் பற்றியதேயன்றி நம்முடையதன்று. அதில் ஓரெழுத்தையேனும் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமையில்லை.

கல்லூரியிற் சேர்ந்து நன்னூற் பாயிரம் பாடங் கேட்டபோது, இவ்வழக்கம் எத்துணைப் பழமையானதென்பது நமக்கு விளங்கிற்று. ஒரு நூலுக்கும் அதனை இயற்றியவனுக்கும் அறிமுகமாக நிற்கும் சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்துகொள்ளலாகாது. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்னும் இந்நால்வருள் ஒருவரே செய்தற்குரியர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரும் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவரென்பதே நூல் வழக்கு. எத்துணைப் பெரும்புலவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாதென்பார் பவணந்தியார். அரசனவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடையும், அவையில் வாதஞ்செய்து வெல்லவேண்டியபோதும், மாற்றான் தன்னைப் பழித்தவிடத்தும் மட்டுமே அது பொருந்துமென விலக்கும் வகுத்தார்.

நிற்க. இணையமென்னும் பெருநகரத்திலே இம்முறை முற்றும் மாறிவிட்டது. அங்கே ஒவ்வொருவனும் தன் பாயிரத்தைத் தானே எழுதிக்கொள்கின்றான். எழுதியதைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு செல்வதுபோல, செல்லுமிடமெல்லாம் அது தானே உடன்வருமாறும் செய்துகொள்கின்றான். அவ்வாறு உடன்வரும் அறிமுகச் சீட்டொன்றினால் நமக்கு நேர்ந்ததனை, நம் கல்லூரி நண்பர்களுக்கு ஒளியாது சொல்லவேண்டுமென்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் அச்சீட்டின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். வலைப்பூக்கள் பெருகிவந்த காலத்தே, 2004-ஆம் ஆண்டில், டாம் பிரஸ்டன்-வெர்னர் என்னும் அமெரிக்கர் ‘கிராவட்டார்’ என்றோர் ஏற்பாட்டைச் செய்தார். பின்னர் 2008-இல் கிட்ஹப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரும் இவரே. ‘உலகெங்கும் அறியப்படும் அவதாரம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே கிராவட்டார் என்பது. நம் நாட்டுச் சொல்லொன்று கடல் கடந்து, கணிப்பொறியாளரிடம் வேலைக்கமர்ந்து, ‘அவட்டார்’ என உருமாறித் திரும்பி வந்தமை தமிழ் மாணாக்கர் கண்டு நகைத்தற்குரியதன்றோ? 2007-இல் ஆட்டோமேட்டிக் என்னும் நிறுவனம் இவ்வேற்பாட்டை விலைக்கு வாங்கிற்று. 2008-இல் வேர்டுபிரஸ் மென்பொருளினுள்ளேயே இது சேர்க்கப்பெற்றது. அதன்பின் எண்ணிறந்த தளங்களில் இது தானாகவே தொழிற்படலாயிற்று. இதனைப் போன்ற பிற ஏற்பாடுகளும் உள.

இது தொழிற்படும் வகை யாதெனில், ஒருவன் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, தன் படத்தையும் பெயரையும் தன்னைப்பற்றிய சில வரிகளையும் ஓரிடத்திற் பதிந்து வைக்கின்றான். பின்னர் அவன் பிறிதொரு தளத்தில் ஒரு கட்டுரையின் அடியில் தன் கருத்தை எழுதுங்கால், அத்தளம் கேட்கும் மின்னஞ்சல் முகவரியைத் தருகின்றான். அம்முகவரி வெளியிடப்படமாட்டாது என்று அங்கே உறுதி கூறப்பட்டிருக்கும். அவ்வுறுதியும் பொய்யன்று. தளமானது அம்முகவரியை ஒரு கணக்கிலிட்டு, 32 குறிகள் கொண்ட ஒரு சரமாக மாற்றுகின்றது. எம்.டி.5 என்பது அக்கணக்கின் பெயர். இக்காலத்து அதனினும் வலிய ஷா-256 என்னுங் கணக்கே பரிந்துரைக்கப்படுகின்றது. அது 64 குறிகளைத் தரும். ஒரே முகவரி எத்தளத்திற் கொடுக்கப்பட்டாலும் ஒரே சரமே பிறக்கும். ஆனால் சரத்தைக்கொண்டு முகவரியைத் திரும்பக் கணக்கிட இயலாது. அச்சரத்தைக் காட்டி, ‘இதற்குரியோன் யாவன்?’ என்று தளம் வினவ, உரிய படம் வந்து எழுத்தின் அருகே அமர்கின்றது. சிலவிடங்களில் அப்படத்தின்மேற் சுட்டியை நிறுத்தினால், பெயரும் ஊரும் தொழிலும் எழுதிய சீட்டு முழுதும் விரியும்.

இதிற் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி யொன்றுண்டு. படமானது எழுத்தோடு என்றோ ஒட்டிவைக்கப்பட்டதன்று. அது, படிப்பவர் பக்கத்தைத் திறக்குந்தோறும் அழைத்துவரப்படுவது. இவ்வொரு செய்தியை நாம் அறிந்திருந்தோமாயின், இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டு நவம்பர் மாதத்தில், விடுதி நண்பரொருவர் சொல்ல, நாமும் இத்தகைய சீட்டொன்றை ஆக்கிக்கொண்டோம். கல்லூரிச் சிற்றாலயத்தின் வாயிலில் வெள்ளைச் சட்டையணிந்து நின்று எடுத்த படத்தை அதில் வைத்தோம். முழுப்பெயரும் பிறந்த நாளும் விடுதியின் பெயரும் கைப்பேசி எண்ணும் பதிந்தோம். ‘உம்மைப் பற்றிச் சில சொற்கள்’ என்றிருந்தவிடத்தில், ‘கவிஞன், திறனாய்வாளன், பழந்தமிழ் ஆய்வாளன்’ என்று எழுதினோம். அதுகாறும் நாம் எழுதிய கவிதைகள் பதினொன்று. ஆய்வோ, அந்தப் பருவத்தின் தேர்வுக்குப் படித்தது மட்டுமே. நன்னூலார் வகுத்த விலக்கு நான்கனுள் ஒன்றும் நமக்குப் பொருந்தாதென்பது அன்று நம் நினைவுக்கு வரவில்லை. பாயிரம் படித்து மூன்று மாதங்கூட ஆகவில்லை!

இனி, அதற்குப் பத்து மாதங்களுக்கு முன் நிகழ்ந்ததொன்றைச் சொல்லவேண்டும். நாம் பன்னிரண்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பொங்கல் விடுமுறை. நம் ஆசிரியர் ஐயா அவர்கள் ஓய்வு பெற்றபின், அன்பர் சிலர் நடத்தும் ஓர் இணைய இதழில் கட்டுரைகள் எழுதிவந்தார்கள். அவர்கள் சைவக் குடும்பத்தவர்கள். ஆயினும் வீரமாமுனிவரிடத்து அளவிறந்த பற்றுடையவர்கள். அம்முனிவரது சதுரகராதியைப் பற்றி அன்று வெளிவந்த கட்டுரையில், அந்நூல் 1732-இல் அச்சிடப்பட்டது என்றொரு வாக்கியம் இருந்தது. 1732 அது தொகுக்கப்பெற்ற ஆண்டு. அச்சேறியதோ அடுத்த நூற்றாண்டில். நாம் அதற்கு முந்தின வாரந்தான் பள்ளி நூல்நிலையத்தில் இச்செய்தியைப் படித்திருந்தோம். ஆசிரியரது பிழையொன்றை மாணாக்கன் கண்டுவிட்டான் என்னுங் களிப்பு நம் தலைக்கேறிற்று.

கட்டுரையின் அடியில் நாம் எழுதியது இது: ‘1732-இல் அச்சான சதுரகராதியின் படியொன்றை ஆசிரியர் தம் கனவிலிருந்து எடுத்துவந்து காட்டுவாராக. அது தொகுக்கப்பட்ட ஆண்டே 1732. பணியினின்றும் ஓய்வு பெற்றோர் தம் எழுதுகோலுக்கும் ஓய்வளித்தல் தமிழுக்கு நலமாம்.’ இதன் கீழ் ‘நக்கீரன்’ என்று கையெழுத்திட்டோம். ஆசிரியர்மேல் நமக்கு மனத்தாங்கல் யாதும் இருந்ததில்லை. நாம் முதன்முதல் எழுதிய வெண்பாவின் தளை தட்டியதைச் சிரிக்காது திருத்திக் கொடுத்தவர்கள் அவர்கள். நம் பெயரை இட்டிருப்போமாயின் அம்மூன்றாம் வாக்கியத்தை ஒருநாளும் எழுதியிரோம். பெயரை மறைத்த அக்கணமே, எதிரே இருப்பவரும் ஒரு மனிதரென்பது நமக்கு மறைந்துவிட்டது. எழுதினோம், அண்ணனிடம் காட்டிச் சிரித்தோம், தேர்வுக்குப் படிக்கச் சென்றோம், மறந்தோம்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, வழக்கப்படி அண்டை வீடுகளுக்குத் தட்டு எடுத்துச் செல்லும் வேலை நம்மதாயிற்று. ஆசிரியர் வீட்டார் சைவராதலின், முட்டை சேர்த்த பண்டங்களை நீக்கி, முறுக்கும் முந்திரிக்கொத்தும் அதிரசமும் வைத்து, அன்னையார் ஒரு தட்டைத் தனியே மூடித் தந்தார்கள். நாம் சென்றபோது ஐயா அவர்கள் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“வா தம்பி. கல்லூரியெல்லாம் எப்படி? என்ன பாடம் நடக்கிறது?” என்று வினவினார்கள். நன்னூல் நடக்கிறது, குறுந்தொகை நடக்கிறது என்றோம். சற்று நேரம் பேசாதிருந்து, “நக்கீரர் எப்படி இருக்கிறார்?” என்றார்கள்.

“நெடுநல்வாடை அடுத்த பருவத்தில்தான் ஐயா,” என்றோம் நாம்.

ஐயா அவர்கள் மெல்ல நகைத்தார்கள். “சங்கத்து நக்கீரரை நான் கேட்கவில்லை, தம்பி. சிற்றாலய வாசலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாரே, அந்த நக்கீரரைக் கேட்டேன்.”

ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. மறுகணம் விளங்கிற்று. நாம் பொங்கலன்று கொடுத்ததும், நவம்பரில் சீட்டுக்குக் கொடுத்ததும் ஒரே மின்னஞ்சல் முகவரி. பத்து மாதம் முகமின்றிக் கிடந்த அவ்வெழுத்தின் அருகே, சீட்டை ஆக்கிய அன்றே நம் முகம் வந்து அமர்ந்துகொண்டது. நாம் யாரென்று உலகிற்கு அறிவிக்க விரும்பினோம்; அது அறிவித்துவிட்டது. பிழை சீட்டினுடையதன்று. அது தனக்கிட்ட வேலையைச் சரியாகவே செய்தது.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றோம். அந்நேரத்தில் ஐயா அவர்களுடைய மனைவியார் வெளியே வந்து, தட்டை வாங்கிக்கொண்டு, “நல்ல சமயத்தில் வந்தாய், தம்பி. நீதான் ஐயாவுக்குச் சொல்லவேண்டும். இப்போதுதான் மறுபடி எழுதுகிறார். பொங்கலில் யாரோ ஏதோ எழுதிவிட்டானென்று ஆவணி வரையில் ஒரு வரி எழுதவில்லை. பேனாவைத் தொடவில்லை,” என்றார்கள். அவர்களுக்குச் செய்தி தெரியாது. ஐயா அவர்கள் உடனே, “அதெல்லாம் இப்போது எதற்கு? தட்டை வெறுமனே அனுப்பாதே, ஏதாவது வைத்துக் கொடு,” என்று அவர்களை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

நாம் மனத்துள் மாதங்களைக் கணக்கிட்டோம். பொங்கல் முதல் ஆவணி வரை ஏழு மாதம். அவ்வேழு மாதத்தின் நடுவே, ஐந்தாம் மாதத்தில், நாம் அவர்களிடம் சென்று கல்லூரிக்குக் கடிதம் வேண்டுமென்று கேட்டோம். மறுநாளே எழுதித் தந்தார்கள். பேனாவைத் தொடாதிருந்த அக்கை, அவ்விடைக்காலத்தில் எழுதியது அவ்வொரு கடிதமே. ‘பொய் சொல்ல அறியாதவன்’ என்று எழுதியதும் அக்கையே.

வாயிற்படிவரை உடன்வந்து ஐயா அவர்கள் கூறிய சொற்களை நாம் இன்றளவும் மறந்திலோம். “நீ சொன்ன திருத்தம் சரி; அன்றைக்கே இதழுக்கு எழுதி மாற்றச் சொன்னேன். கடைசி வாக்கியமும் பெரிதில்லை. யார் எழுதினதென்று தெரியாமற் போனதுதான், தம்பி, பெரிதாகப் போயிற்று. முகமில்லாத சொல்லுக்கு ஊரிலுள்ள முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர் ஒருவர். அவர்தானென்று நினைத்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். போன மாதம் உன் படத்தைப் பார்த்ததும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ‘அட, இந்தப் பயல்தானா’ என்று மூச்சுத்தான் வந்தது.”

மன்னிக்கவேண்டுமென்று சொல்ல வாயெடுத்தோம், சொல் எழவில்லை. ஐயா அவர்கள் நம் தோளைத் தட்டி, “ஒன்று சொல்கிறேன். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாயே, கதையை நினைத்துப் பார்த்தாயா? நக்கீரர் குற்றம் குற்றமே என்று சொன்னது முகத்துக்கு நேரே நின்றுதானே? நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் தம் பெயரை மறைக்கவில்லையே!” என்றார்கள்.

வெறுந்தட்டாக வரவேண்டியது, வாழைப்பழமும் பொரிவிளங்காயும் நிரம்பி வீடு வந்து சேர்ந்தது. அன்றிரவு அவ்விதழின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ‘நக்கீரன்’ என்னும் பெயருக்கருகே நம் முகம் புன்னகை புரிந்துகொண்டிருந்தது. அம்மூன்றாம் வாக்கியத்திற்கு அப்புன்னகை எவ்வாறு பொருந்தியிருந்ததென்பதை எழுத நாணுகின்றோம்.

எழுந்த முதலெண்ணம், சீட்டை அழித்துவிடலாம் என்பதே. அழித்தால் முகம் மறையும். பழைய எழுத்து மீண்டும் யாருடையதோ ஆகிவிடும். ஆனால் அவ்வாறாயின், அதைப் படித்த பிறர் மறுபடியும் ஐயப்படுதற்குரிய முகங்களைத் தேடுவரே! ஆதலின் சீட்டை அழிக்காது, அக்கருத்துரையின் கீழ் நமது முழுப்பெயரையிட்டு இவ்வாறு எழுதினோம்: ‘மேலே நக்கீரன் என்னும் பெயரில் எழுதியவன் யானே. ஆண்டைப் பற்றிய திருத்தம் சரியானது. இறுதி வாக்கியம் தவறானது, இழிவானது. இக்கட்டுரையாசிரியரிடம் ஐந்தாண்டு தமிழ் பயின்றவன் யான். அவர்கள் எழுதுகோல் ஓய்தலாகாது.’ நான்கு நாட்கள் கழித்து அதன் கீழே ஒரு மறுமொழி வந்தது: ‘திருத்தங்கள் இரண்டிற்கும் நன்றி. அவசரம் சற்றுக் குறைந்திருக்கிறது.’

இதனால், இணையத்தில் யாவரும் தம் முகத்தைக் காட்டியே எழுதவேண்டுமென்று நாம் வாதிப்பதாக நண்பர்கள் கருதலாகாது. முகமூடி யாவும் கோழையின் மூடியன்று. மேலதிகாரியின் ஊழலைக் கூறும் எளிய ஊழியனுக்கும், தான் பட்ட துன்பத்தைச் சொல்லத் துணியும் பெண்ணுக்கும் அது கேடயம். அக்கேடயத்தைப் பிடுங்குதல் அறமாகாது. வலியார் முன் எளியார் அணிவது கேடயம். முதியவரொருவரைக் குத்திவிட்டு ஓடுதற்கு நாம் அணிந்தது வேறு. இரண்டையும் பிரித்தறிதற்கு, ‘இச்சொல் வெளிப்பட்டால் நமக்குத் துன்பம் வருமா, நாணம் வருமா?’ என்று நம்மை நாமே வினவிக்கொண்டால் போதும். துன்பம் வருமெனின் மறைதல் நியாயம். நாணம் வருமெனின் அச்சொல்லை எழுதாதிருத்தலே நியாயம்.

உண்மையாகவே மறைந்திருக்கவேண்டியோர் அறியவேண்டுவதும் ஒன்றுண்டு. மேற்கூறிய குறிச்சரத்தினின்றும் முகவரியைத் திரும்பக் கணக்கிட இயலாதாயினும், ஊகித்து ஒப்பிட இயலும். இன்ன முகவரியாயிருக்கலாமென்று கோடிக்கணக்கில் ஊகித்து, ஒவ்வொன்றையும் அதே கணக்கிலிட்டு, விடை ஒத்துவருகின்றதா என்று கணிப்பொறியைக்கொண்டு பார்ப்பது இக்காலத்து அரியதன்று. 2020 அக்டோபரில், கிராவட்டார் சீட்டுக்களைப் பெருந்தொகையாகத் திரட்டும் வழியொன்றை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். அதன்பின் ஏறத்தாழ 16 கோடியே 70 இலட்சம் பேருடைய பெயர்களும் குறிச்சரங்களும் திரட்டப்பட்டுப் பரவின. அவற்றுள் 11 கோடியே 40 இலட்சம் சரங்களுக்குரிய முகவரிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இது பூட்டை உடைத்துக் களவாடியதன்று. வாயிலில் வைத்திருந்தவற்றை ஒருங்கே வாரிக்கொண்டது. அன்றியும், சீட்டே ஆக்காதவர்க்கும் சில தளங்கள் அச்சரத்தைக்கொண்டு ஒரு கோலத்தையோ பூத உருவத்தையோ வரைந்து வைக்கும். ஒரே முகவரிக்கு ஒரே கோலம். இருவேறு பெயரில் எழுதினும் கோலம் ஒன்றாயின், எழுதினவன் ஒருவனே என்பது கோலங் கண்ட குழந்தைக்கும் தெரியும். ஆகவே, மறைந்தெழுத நியாயமுள்ளவர் அதற்கென வேறொரு முகவரி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

நாம் பயிலும் இலக்கியத்தை இவ்வொளியில் நோக்கின் வியப்பே விளைகின்றது. சொ. விருத்தாசலம் என்பார் புதுமைப்பித்தன் என்று எழுதினார். அப்புனைபெயர் முகமூடியன்று, அவர் எழுதியதற்கெல்லாம் பொறுப்பேற்று நின்ற இன்னொரு முகம். குறுந்தொகையிலோ இயற்பெயரே கிட்டாத புலவர் பலர். அவர்கள் பாட்டிலமைந்த அரிய தொடரைக்கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்றும், குப்பைக்கோழியார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் பிற்காலத்தார் அவர்களை அழைத்தனர். படமில்லை, ஊரில்லை, தம்மைப்பற்றித் தாம் எழுதிய சொல் ஒன்றுமில்லை. அவர்கள் சொன்ன சொல்லே அவர்கள் பெயராயிற்று. நாம் ‘நக்கீரன்’ என்னும் பெருமைமிக்க பெயரை இரவல் வாங்கினோம். நம் சொல்லைக்கொண்டு பிற்காலத்தார் நமக்குப் பெயரிடுவாராயின், ‘எழுதுகோலுக்கு ஓய்வளித்தார்’ என்றன்றோ இட்டிருப்பர்!

பவுல் அப்போஸ்தலரும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இதனையே வேறு வகையிற் கூறுகின்றார். பிறர் கொண்டுவருவன போன்ற பரிந்துரைக் கடிதங்கள் தமக்கு வேண்டுவதில்லையென்றும், யாவரும் படித்தறியத்தக்க கடிதமாக அச்சபையாரே இருக்கின்றனரென்றும் அவர் எழுதினார். நாம் பழகிய மனிதரிடத்து நாம் விட்டுச்சென்ற சுவடே நமது உண்மையான அறிமுகக் கடிதமென்பது அதனால் நாம் கொண்ட பொருள். ஊரில் நமக்கு இருந்த கடிதம் ஏழு மாதம் பேனாவைத் தொடாதிருந்தது.

நமது சீட்டு இப்போதும் உளது. பிறந்த நாளையும் விடுதிப் பெயரையும் கைப்பேசி எண்ணையும் நீக்கிவிட்டோம். அவற்றை ஊரறிய வைத்தல் அறியாமை. கவிஞன், திறனாய்வாளன், ஆய்வாளன் என்னும் மூன்றும் நீங்கின. அவ்விடத்தில் என்ன எழுதுவதென்று பல நாள் எண்ணினோம். நம்மைப்பற்றி நாம் எழுதலாகாது. நமக்குப் பாயிரம் செய்தற்குரிய ஆசிரியர் எழுதியதையே எழுதுவோமென்று துணிந்து, அட்டையுறையினின்றும் பழைய கடிதத்தின் படியை எடுத்துப் பார்த்தோம். இன்று அச்சீட்டில் உள்ளவை இவையே: ‘தமிழ் மாணவன். சற்று அவசரக்காரன்.’

இடையிலிருந்த தொடரை நாம் சேர்க்கவில்லை. அதனை மீண்டும் எழுதவேண்டுபவர் ஐயா அவர்களே; நாமல்லேம்.